சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை: செவித்திறன் சோதனைகளும் காது கருவிகளும்

செவித்திறன் சோதனைக்கு வரும் முதியவர்களில் பலர் முதலில் சொல்வது இதுதான்: "சத்தமெல்லாம் நன்றாகக் கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்றுதான் பிடிபடவில்லை." உடன் வந்த மகனோ மருமகளோ உடனே மறுப்பார்கள்: "டிவியை அலற வைக்கிறார். கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆனால் அவர் காதில் விழக் கூடாது என்று பேசுவது மட்டும் சரியாக விழுந்துவிடுகிறது." இரு தரப்பும் சொல்வது உண்மை. முதியவர் சாக்குச் சொல்லவில்லை. காது பழுதாகும் விதமே அப்படி. இந்தப் புகாரின் காரணம் புரிந்துவிட்டால் செவியியலின் அடிப்படையும் புரிந்துவிடும். வாங்கிய கருவியை இழுப்பறைக்குள் போட்டு மூடும் நிலையும் பலருக்கு வராது.

பேச்சில் உயிரொலிகள் வலிமையானவை. அவற்றின் ஆற்றலில் பெரும்பகுதி 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது நொடிக்கு 1,000 அதிர்வுகளுக்குக் கீழே, இருக்கிறது. மெய்யொலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் சின்ன வெடிப்புகளும் உரசல்களும் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும், மிகக் குறைந்த வலிமையில், கண நேரம் மட்டுமே வந்து போகின்றன. கடை, சடை, தடை, படை என்ற நான்கு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கிலும் உயிர் ஒன்று, முடிவும் ஒன்று. முதல் மெய்யொலி மட்டுமே வேறு. வயதும் இரைச்சலும் காதிலிருந்து முதலில் பறிப்பது உயர் அதிர்வெண்களை. அப்படிப்பட்ட காதுக்கு நான்கு சொல்லும் ஏறக்குறைய ஒரே சொல்லாகத்தான் வந்து சேர்கிறது. யாரோ பேசினார் என்பது தெளிவாகத் தெரிகிறது. என்ன சொன்னார் என்பது தெரிவதில்லை.

மிச்சத்தை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. அமைதியான அறையில், தெரிந்த குரலில், தெரிந்த விஷயத்தை ஒருவர் பேசும்போது ஊகம் அநேகமாகச் சரியாகிவிடும். அதனால்தான் "வேண்டியதை மட்டும் கேட்கிறார்" என்ற பழி வருகிறது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் கூட்டத்தில் ஊகத்துக்குப் பிடிமானம் இல்லை. நாள் முழுவதும் ஊகித்துக் களைத்துப்போனவர் மாலையில் பேச்சைவிட்டு ஒதுங்கி உட்காருகிறார். அதைப் பிடிவாதம் என்றோ மறதி என்றோ வீட்டில் எழுதிவைத்துவிடுகிறார்கள்.

காதுக்குள்

நடுக்காது வரையில் நடப்பதெல்லாம் இயந்திர வேலை. மடலும் குழாயும் ஒலியைச் செவிப்பறைக்குக் கொண்டுவருகின்றன. அந்த அதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சிற்றெலும்புகள் வாங்கி உட்செவியின் திரவத்துக்குள் செலுத்துகின்றன. காற்றில் வரும் ஒலி நேராகத் திரவத்தில் பட்டால் ஏறக்குறைய முழுவதும் திரும்பிப் போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் இத்தனை ஏற்பாடும்: அகன்ற செவிப்பறையில் விழும் விசை அங்கவடியின் மிகச் சிறிய அடித்தட்டில் குவிவதால் அழுத்தம் சுமார் 20 மடங்கு கூடுகிறது. இந்தப் பாதையில் குறும்பி அடைத்தாலும், செவிப்பறையில் ஓட்டை விழுந்தாலும், நடுக்காதில் நீர் கோத்தாலும், அங்கவடி இறுகிப்போனாலும் ஒலி குறைவாகப் போய்ச் சேரும், சிதைந்து போகாது. இது கடத்தல் வகைக் குறைபாடு. எவ்வளவு கடுமையானாலும் 60 டெசிபலை ஒட்டி நின்றுவிடும், ஏனென்றால் அதற்கு மேற்பட்ட ஒலி மண்டையோட்டின் வழியாகவே உட்செவியை எட்டிவிடும். இந்த வகையில் பலவற்றை மருந்தோ அறுவைச் சிகிச்சையோ சரிசெய்துவிடுகிறது.

உட்செவிக்குள் போனால் நிலைமையே வேறு. காக்ளியா என்ற சுருள் உறுப்பு சுமார் இரண்டரைச் சுற்று கொண்டது. நீட்டிப் பார்த்தால் 35 மில்லிமீட்டர் அளவு. அதன் நீளம் முழுக்க ஓடும் ஒரு சவ்வின் வாயிற்பக்கம் உயர் அதிர்வெண்களுக்கும், உள்முனை தாழ் அதிர்வெண்களுக்கும் அதிகமாக அதிர்கிறது. இதை இறந்தவர்களின் காதுகளில் நுண்ணோக்கி வைத்துக் கண்டறிந்த கேயார்க் ஃபான் பெக்கேஷிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் உயிருள்ள காது அவர் கண்டதைவிடப் பல மடங்கு கூர்மையானது. காரணம் முடிச்செல்கள், அதாவது நுனியில் முடி போன்ற நுண்ணிழைகள் கொண்ட செல்கள். உள்வரிசையில் இருக்கும் சுமார் 3,500 முடிச்செல்கள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. வெளிப்புறத்து மூன்று வரிசைகளில் இருக்கும் சுமார் 12,000 செல்கள் ஒலிக்கு ஏற்ப நீண்டு சுருங்கி, மெல்லிய ஒலியை உட்செவிக்குள்ளேயே பெருக்கிக் கொடுக்கின்றன. அருகருகே இருக்கும் அதிர்வெண்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவதிலும் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. காதுக்குள் இப்படி ஒரு பெருக்கி இருந்தாக வேண்டும் என்று தாமஸ் கோல்டு 1948இலேயே வாதிட்டார். பல ஆண்டுகள் அதைப் பெரிதாக எவரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1978இல் டேவிட் கெம்ப், காதுக் குழாயில் நுண்ணிய ஒலிவாங்கியை வைத்து, காதே ஒலியைத் திருப்பி வெளியிடுவதைப் பதிவு செய்த பிறகுதான் நிலைமை மாறியது.

பெரும் இரைச்சல், வயது, ஜென்டாமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகள், சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து ஆகியவை எளிதில் சிதைப்பது இந்த வெளி முடிச்செல்களைத்தான், அதுவும் வாயிற்பக்கத்தில் இருப்பவற்றை. மனிதக் காதில் ஒருமுறை அழிந்த முடிச்செல் மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சலைப் பொறுத்தவரை அளவும் நேரமும் சேர்ந்தே கணக்கு. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 90 டெசிபலாக ஏறினால் அதே வரம்பு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது.

வெளி முடிச்செல்கள் போய்விட்டால் மெல்லிய ஒலி கேட்காது என்பது வெளிப்படை. மற்ற இரண்டு விளைவுகளைத்தான் பலரும் அறிவதில்லை. உரத்த ஒலி பழையபடி உரத்தே கேட்கும். எனவே கேட்கத் தொடங்கும் அளவுக்கும் பொறுக்க முடியாத அளவுக்கும் இடையிலுள்ள இடைவெளி குறுகிப்போகிறது. "கொஞ்சம் சத்தமாகப் பேசு" என்றவரே அடுத்த நிமிடம் "ஏன் கத்துகிறாய்?" என்று கோபிப்பதன் காரணம் இதுதான். அடுத்தது, அருகருகே உள்ள அதிர்வெண்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அப்படிக் கலங்கிய ஒலியை எவ்வளவு உரக்க ஒலித்தாலும் தெளிவு வராது. மங்கிய நிழற்படத்தைப் பெரிதாக்கினால் மங்கலும் சேர்ந்தே பெரிதாவதைப் போலத்தான். இப்படி உட்செவியிலோ செவி நரம்பிலோ ஏற்படும் பழுதை உணர்நரம்பு வகைக் குறைபாடு என்கிறார்கள்.

சோதனை அறையில்

டெசிபல் பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அது பெருக்கல் அளவுகோல்: 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு, 20 கூடினால் 100 மடங்கு, 60 கூடினால் 10 லட்சம் மடங்கு. செவித்திறன் அறிக்கையில் வரும் 0 டெசிபல், ஒலியே இல்லாத நிலையைக் குறிப்பதில்லை. காதுநோய் இல்லாத இளைஞர்கள் சராசரியாகக் கேட்கத் தொடங்கும் அளவையே 0 என்று வைத்திருக்கிறார்கள். அதைவிட மெல்லியதைக் கேட்பவர்களுக்கு −5, −10 என்றும் வரும்.

இனி சோதனை. ஒலி புகாத சிறு அறை. ஹெட்போனின் சிவப்புப் பக்கம் வலக்காதுக்கு, நீலம் இடக்காதுக்கு. கையில் ஒரு பொத்தான். நன்றாகக் கேட்கும் காதில், 1,000 ஹெர்ட்ஸில் தொடங்குவது வழக்கம். 40 டெசிபலில் ஒரு 'பீப்'. அழுத்துகிறீர்கள். 30க்கு இறங்குகிறது, அழுத்துகிறீர்கள். 20, கேட்கவில்லை. இப்போது 5 மட்டும் ஏற்றி 25, கேட்கவில்லை. 30, அழுத்துகிறீர்கள். மறுபடி 10 இறக்கி, ஐந்தைந்தாக ஏற்றிக்கொண்டே வருவார்கள். ஏறி வரும்போது மூன்றில் இரண்டு முறை எந்த அளவில் பொத்தான் அழுத்தப்படுகிறதோ அதுவே அந்த அதிர்வெண்ணில் உங்கள் கேட்பு அளவு. ஹியூசனும் வெஸ்ட்லேக்கும் 1944இல் முன்வைத்த இந்த வழியை ரேமண்ட் கார்ஹார்ட்டும் ஜேம்ஸ் ஜெர்கரும் 1959இல் திருத்தி அமைத்தார்கள். இன்றும் அதே வழிதான். பிறகு 2,000, 4,000, 8,000. மீண்டும் 1,000க்கே வந்து முதலில் கிடைத்த எண்ணோடு ஒத்துப்பார்ப்பார்கள். அது 5 டெசிபலுக்கு மேல் மாறினால் செய்தவை மேல் நம்பிக்கை வைக்க முடியாது. கடைசியாக 500, 250.

இதில் சோதிக்கப்படுபவரின் பங்கு பெரிது. உறுதியாகத் தெரிந்த பிறகே அழுத்துவது என்று காத்திருந்தால் உண்மையைவிட மோசமான எண் பதிவாகும். கேட்டதுபோலத் தோன்றினாலே அழுத்திவிட வேண்டும். முதல்நாள் பெரும் இரைச்சலில் இருந்திருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, காது தற்காலிகமாக மந்தமாகியிருக்கலாம். குறும்பி இருக்கிறதா என்று காதுக்குள் பார்க்காமல் ஹெட்போனை மாட்டுகிறவரிடம் சோதனை செய்துகொள்ளாமல் எழுந்து வந்துவிடலாம் என்பேன்.

அடுத்து, காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் ஒரு சிறு அதிர்வியை வைத்து மீண்டும் அதே சோதனை. இந்த ஒலி வெளிக்காதையும் நடுக்காதையும் தவிர்த்துவிட்டு மண்டையோட்டின் வழியாக நேரே உட்செவிக்குப் போகிறது. எலும்பு வழியாக நன்றாகக் கேட்டு, காற்று வழியாகக் குறைந்தால் பழுது நடுவழியில், அதாவது கடத்தல் வகை. இரண்டும் சமமாகக் குறைந்தால் உணர்நரம்பு வகை. இரண்டும் குறைந்து, அவற்றுக்குள்ளும் இடைவெளி இருந்தால் கலப்பு வகை. கணக்கு எளிது; ஆனால் அதைக் கெடுக்க ஒரு தடங்கல் உண்டு. மண்டையோட்டில் வைத்த அதிர்வு இரண்டு உட்செவிகளுக்கும் ஒரே அளவில் போகும். வலக்காதை அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்க, பதில் சொல்வது இடக்காதாக இருக்கலாம். ஹெட்போனிலும் இரு காதுகளுக்கும் இடையிலான வித்தியாசம் சுமார் 40 டெசிபலுக்கு மேல் போனால் இந்த ஆபத்து தொடங்குகிறது. அதனால் நல்ல காதில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலைக் கொடுத்து அதை வேலையாக வைத்துக்கொண்டு மோசமான காதை அளக்க வேண்டும். மாஸ்கிங் எனப்படும் இந்தப் படியைச் சோம்பலால் விட்டுவிட்ட அறிக்கை, முழுவதும் கேட்காத ஒரு காதுக்கு ஓரளவு கேட்பதாகப் பொய் சொல்லும்.

கிடைத்த எண்களை வரைந்தால் ஆடியோகிராம். வலக்காதுக்குச் சிவப்பு வட்டம், இடக்காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கோடு கீழே போகப் போகக் கேட்பு குறைவு. அனுபவப்பட்ட கண்ணுக்குக் கோட்டின் வடிவமே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். 4,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விழுந்து 8,000இல் மீண்டும் ஏறினால் இரைச்சலைச் சந்தேகிப்பார்கள். வயதின் கோடு வலப்பக்கம் சரிந்துகொண்டே போகும். தலைச்சுற்றலோடு கேட்பும் குறையும் உட்செவி நோயான மெனியர் நோயின் தொடக்கத்தில் தாழ் அதிர்வெண்கள் குறைவதுண்டு.

500, 1,000, 2,000, 4,000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கின் சராசரியை வைத்து உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வகைப்பாட்டில், நன்றாகக் கேட்கும் காதில் 20 டெசிபலுக்குள் இருந்தால் இயல்பு; 35 வரை லேசானது; 50 வரை மிதமானது; 65 வரை ஓரளவு கடுமையானது; 80 வரை கடுமையானது; அதற்கு மேல் மிகக் கடுமையானது. 95ஐத் தொட்டால் முழுமையான இழப்பு. இந்த எண்களைச் சதவீதமாக வாசிப்பதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. 40 டெசிபல் குறைபாடு என்றால் 40 சதவீதம் போய்விட்டது, 60 மிச்சம் இருக்கிறது என்று எண்ணி ஆறுதல் அடைகிறார்கள். டெசிபலுக்கும் சதவீதத்துக்கும் அப்படி ஓர் உறவே இல்லை. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காகக் கணக்கிடும் சதவீதம் நிர்வாக வசதிக்கு வைத்துக்கொண்ட சூத்திரம், அவ்வளவுதான்.

ஆனால் ஆடியோகிராம் சொல்வது, அமைதியில் எந்த அளவில் ஒலி கேட்கத் தொடங்குகிறது என்பதை மட்டுமே. புரிகிறதா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. அதற்குப் பேச்சுச் சோதனை தேவை. சொற்களை அவரவர் தாய்மொழியில், கேட்க வசதியான அளவில் ஒலிக்கவிட்டு, எத்தனை சொல்லைச் சரியாகத் திருப்பிச் சொல்கிறார் என்று எண்ணுகிறார்கள். இங்கே சதவீதத்துக்கு உண்மையான பொருள் உண்டு. ஒரே மாதிரி ஆடியோகிராம் கொண்ட இருவரில் ஒருவர் 90 சதவீதமும் இன்னொருவர் 50 சதவீதமும் பெறுவது நடக்கக்கூடியதே. இருவருக்கும் ஒரே கருவி கொடுத்தாலும் கிடைக்கும் பலன் ஒன்றாக இருக்காது. பின்னணி இரைச்சலோடு சேர்த்துச் செய்யும் பேச்சுச் சோதனை இன்னும் உண்மைக்கு அருகில் நிற்கிறது. பலரும் தடுமாறுவது அங்கேதானே. சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தச் சோதனையைப் பல இடங்களில் செய்வதே இல்லை. கேட்டு வாங்க வேண்டிய சோதனை இது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு காதுகளுக்கும் இடையே தெளிவான வித்தியாசம் இருந்தாலோ, ஒரு காதில் மட்டும் இரைச்சல் தொடர்ந்தாலோ, ஒலியை ஏற்ற ஏற்ற ஒரு காதின் புரிதல் குறைந்துகொண்டே போனாலோ செவி நரம்பில் கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். பெரும்பாலும் எதுவும் இருக்காது. இருந்தால் சீக்கிரம் தெரிவது நல்லது.

பதில் சொல்ல முடியாதவர்களுக்கு

பிறந்து இரண்டு நாளான குழந்தை பொத்தான் அழுத்தாது. கெம்ப் கண்டறிந்த காதொலி இங்கே கைகொடுக்கிறது. குழந்தையின் காதில் மென்மையான முனையை வைத்து 'டிக்' ஒலிகளைக் கொடுத்தால் ஆரோக்கியமான வெளி முடிச்செல்கள் எதிரொலியைத் திருப்பி அனுப்பும். குழந்தை தூங்கிக்கொண்டிருக்கையில் சில நிமிடங்களில் முடியும் சோதனை. இன்னொன்று மூளைத்தண்டுச் சோதனை: நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனைகளை ஒட்டி, ஒலி கொடுத்த 10 மில்லிசெகண்டுக்குள் செவி நரம்பும் மூளைத்தண்டும் எழுப்பும் மின்னலைகளைப் பதிவு செய்வது. ஓர் அலையின் வலிமை மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு என்பதால் ஆயிரக்கணக்கான முறை ஒலித்துச் சராசரி எடுக்கிறார்கள். காதொலி சரியாக வந்து, நரம்பின் அலைகள் மட்டும் குலைந்திருந்தால் அது செவி நரம்பு ஒத்திசைவுக் கோளாறாக இருக்கலாம்; ஒரு சோதனையோடு நின்றுவிட்டால் அந்தக் குழந்தை தப்பிப்போகும். முதல் மாதத்துக்குள் முதற்கட்டச் சோதனை, மூன்றாம் மாதத்துக்குள் உறுதியான கண்டறிதல், ஆறாம் மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடக்கம் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் காலக்கெடு. "பேச்சு வரத் தாமதமானால் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்பவர் யாராக இருந்தாலும், அவர் பேச்சைக் கேட்டுக் காத்திருக்காதீர்கள். மூளை மொழியைக் கற்கும் காலம் காத்திருக்காது.

நடுக்காதுக்கு டிம்பனோமெட்ரி என்ற சோதனை போதும். காதுக் குழாயில் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று அளக்கும். நடுவில் சிகரம் வந்தால் இயல்பு. சிகரமே இல்லாத தட்டையான கோடு வந்தால் உள்ளே நீர் கோத்திருக்கலாம் அல்லது செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம். சளி பிடித்த குழந்தைகளில் அடிக்கடி காணப்படுவது முன்னது.

ஒரு நிலைமையில் மட்டும் எந்தத் தாமதமும் கூடாது. மூன்று நாட்களுக்குள் ஒரு காது திடீரென்று மந்தமானால் அது அவசர நோய். காலையில் எழும்போது காது அடைத்ததுபோல இருக்கும். குறும்பி, சளி என்று நினைத்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வாரங்களைக் கடத்திவிடுகிறார்கள். உணர்நரம்பு வகைத் திடீர் இழப்பென்றால் ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்குவதில்தான் நம்பிக்கை இருக்கிறது. 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றியில் வைத்து மருத்துவர் அங்கேயே வேறுபடுத்திவிடுவார்: அடைப்பென்றால் ஒலி கெட்ட காதில் உரத்துக் கேட்கும், நரம்புப் பழுதென்றால் நல்ல காதில் கேட்கும். வாயை மூடி 'ம்ம்' என்று முனகிப் பார்த்தாலும் இதே வித்தியாசம் ஓரளவு தெரியும். எந்தக் காதில் கேட்டாலும் அன்றே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

கருவி செய்வதும் செய்யாததும்

காது கருவியின் பாகங்கள் நான்கு: ஒலிவாங்கி, செயலி, ஒலிபெருக்கி, பேட்டரி. எல்லா ஒலியையும் ஒரே அளவில் கூட்டித் தரும் மலிவான பெருக்கிகளும் தோற்றத்தில் இதே போலத்தான் இருக்கும். வேறுபாடு செயலியில். தாழ் அதிர்வெண்களில் இயல்பாகக் கேட்டு, 4,000 ஹெர்ட்ஸில் 60 டெசிபல் குறைந்தவருக்கு அந்த இடத்தில் மட்டுமே பெருக்கம் வேண்டும். அதிலும் மெல்லிய ஒலியை நிறையக் கூட்டி, நடுத்தர ஒலியைக் கொஞ்சம் கூட்டி, உரத்த ஒலியைத் தொடாமல் விட வேண்டும். குறுகிப்போன கேட்பு இடைவெளிக்குள் உலகத்து ஒலிகள் எல்லாவற்றையும் அடக்கும் வழி இதுதான். எந்த அதிர்வெண்ணுக்கு எவ்வளவு பெருக்கம் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகம் வகுத்த சூத்திரமும், கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் குழந்தைகளை முன்வைத்து உருவான சூத்திரமும் பரவலாகப் பயன்படுகின்றன.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம் வருகிறது. கருவியைக் கணினியோடு இணைத்து, ஆடியோகிராமைக் கொடுத்து, பொத்தானைத் தட்டியவுடன் திரையில் அழகான கோடு வந்துவிடும். அது ஒரு சராசரிக் காதுக்கான மதிப்பீடு மட்டுமே. உங்கள் காதுக் குழாயின் நீளமும் அகலமும் வேறு. உண்மையில் செவிப்பறையின் அருகே என்ன வந்து சேர்கிறது என்பதை அளக்கும் வழி இருக்கிறது. மெல்லிய சிலிகான் குழாயைச் செவிப்பறைக்குச் சில மில்லிமீட்டர் அருகில் வைத்து, அதன் மேல் கருவியை மாட்டி, எதிரே உள்ள ஒலிபெருக்கியில் பேச்சை ஒலிக்கவிடுகிறார்கள். மெல்லிய, நடுத்தர, உரத்த பேச்சு மூன்றும் இலக்குக் கோட்டைத் தொடுகின்றனவா என்பது திரையில் தெரியும். தொடாத இடத்தை அங்கேயே சரிசெய்யலாம். விலையுயர்ந்த கருவியை அளக்காமல் பொருத்துவதைவிட, எளிய கருவியை இப்படி அளந்து பொருத்துவது மேல். கருவியின் நிறம், சேனல் எண்ணிக்கை, புளூடூத் பற்றியெல்லாம் கேட்பவர்கள், செவிப்பறை அருகே அளப்பீர்களா என்ற ஒரு கேள்வியையும் கேட்க வேண்டும்.

வெளித்தோற்றத்தில் காதுக்குப் பின்னால் உட்காரும் வகை, ஒலிபெருக்கி மட்டும் காதுக்குள் போகும் வகை, முழுவதும் காதுக்குள் மறையும் வகை என்று உண்டு. மறைவதே நல்லது என்ற விருப்பம் புரிகிறது. ஆனால் கடுமையான குறைபாட்டுக்குச் சின்னக் கருவியின் வலிமை போதாது; சிறு பேட்டரியை மாற்ற நடுங்கும் விரல்களும் ஒத்துழைக்காது. காதுக்குழாயை முழுக்க அடைத்துவிட்டால் சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல ஒலிக்கும் என்பதால், தாழ் அதிர்வெண்கள் நன்றாக உள்ளவர்களுக்குக் காற்றுத் துளையோ திறந்த முனையோ வைப்பார்கள். துளை பெரிதானால் பெருகிய ஒலி வெளியே கசிந்து ஒலிவாங்கிக்கே திரும்பி, 'கீ' என்று விசிலடிக்கும். ஓயாமல் விசிலடித்தால் காது அச்சு பொருந்தவில்லை அல்லது குறும்பி அடைத்திருக்கிறது என்று பொருள். குழந்தைகளுக்குக் காது வளர வளர அச்சை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.

முதல் நாள் யாருக்கும் பிடிப்பதில்லை. காகிதம் சரசரப்பதும் குழாயில் நீர் சொட்டுவதும் எரிச்சலூட்டும். பல ஆண்டுகளாக அந்த ஒலிகளை மறந்திருந்த மூளைக்கு எது முக்கியம், எது வேண்டாதது என்று மீண்டும் பிரித்தறிய வாரங்கள் ஆகும். நாளில் ஒரு மணி நேரம் மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றி வைப்பவருக்கு அந்தப் பழக்கம் வருவதே இல்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் மாட்டியிருந்து, எந்த இடத்தில் எது தொல்லை தந்தது என்று குறித்துக்கொண்டு இரண்டு, மூன்று முறை போய்ச் சரிசெய்துகொள்பவருக்குத்தான் பலன் கிடைக்கிறது. இரண்டு காதும் பழுதென்றால் இரண்டுக்கும் கருவி வேண்டும். ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதையும், இரைச்சலில் ஒரு குரலைப் பிரித்தெடுப்பதையும் மூளை இரு காதுகளின் செய்தியை ஒப்பிட்டே செய்கிறது.

இரைச்சலில் மட்டும் எந்தக் கருவியும் பழைய காதைத் திருப்பித் தராது. முன்னால் இருப்பவரின் குரலை மட்டும் குறிவைக்கும் திசை ஒலிவாங்கிகள் ஓரளவு உதவுகின்றன. அதைவிட உதவுவது அருகாமை. திறந்த வெளியில் தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும், இரைச்சல் கூடாது. ஆசிரியரின் சட்டையில் சிறு ஒலிவாங்கியைக் குத்தி, அவர் குரலை நேரே மாணவரின் கருவிக்கு அனுப்பும் ஏற்பாடு வகுப்பறையில் இத்தனை பயன் தருவதும் இதே காரணத்தால்தான்.

காது கேளாமைக்கும் மறதி நோய்க்கும் தொடர்பு உண்டு என்ற செய்தியைக் காட்டி அச்சுறுத்தி விற்பவர்களும் இருக்கிறார்கள். நிலவரம் இது: 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2023இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், மொத்தத்தில் கருவி கொடுத்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் சிந்தனைத் திறன் குறைவதில் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்த பிரிவினரிடம் மட்டும் அந்தச் சரிவு 48 சதவீதம் மெதுவாக இருந்தது. நம்பிக்கை தரும் முடிவு. உத்தரவாதம் தரும் முடிவு இல்லை. பேச்சு புரிய வேண்டும் என்பதே கருவி வாங்கப் போதுமான காரணம்.

முடிச்செல்கள் பெரும்பாலும் அழிந்து, நன்கு பொருத்திய கருவியோடும் சொற்கள் புரியாதவர்களுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் இருக்கிறது: காக்ளியாவுக்குள் மின்முனைகளைப் பொருத்தி, செவி நரம்பை நேரே மின்சாரத்தால் தூண்டும் கருவி. 1957இல் பாரிஸில் ஜூர்னோவும் எய்ரியேவும் செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டி ஒலி உணர்வை எழுப்பினார்கள். 1978இல் மெல்போர்னில் கிரேம் கிளார்க் பல மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தினார். இன்றைய கருவிகளில் 12 முதல் 22 மின்முனைகள் வரை உள்ளன. ஆயிரக்கணக்கான முடிச்செல்கள் செய்த வேலையை அவை செய்ய முயல்கின்றன. அறுவைச் சிகிச்சை முடிந்த சில வாரங்களில் கருவியை இயக்கிவைப்பார்கள். அன்று கேட்கும் பேச்சு பலருக்கும் இயந்திரக் குரலாகவோ வெறும் கீச்சொலியாகவோதான் இருக்கும். ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்சாரம் என்பதைத் திரும்பத் திரும்ப அளந்து மாற்றுகிறார்கள்; பேச்சைக் கேட்டுப் பழகும் பயிற்சி மாதக்கணக்கில் தொடர்கிறது. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு மூன்றரை வயதுக்குள், முடிந்தால் முதல் பிறந்தநாளை ஒட்டியே, இதைச் செய்துவிட வேண்டும் என்று வலியுறுத்துவது மூளையின் செவிப்பகுதி அந்த வயதில்தான் ஒலிக்கேற்ப வளைந்து கொடுக்கிறது என்பதால். வளர்ந்த பிறகு கேட்பை இழந்த பெரியவர்களுக்கு அந்த வயது வரம்பு இல்லை. ஒலியின் நினைவு அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதால் 80 வயதிலும் பொருத்திக்கொள்கிறார்கள்.